ஏட்டில் ஏறும் பெயர்கள்
கரிசல் காட்டில் கேடி, போக்கிரி, சண்டியர்

கேடி என்பது தமிழ்ச் சொல் அல்ல. இதை இடைசெவலிலோ கயத்தாறிலோ கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலோ போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கேடு செய்கிறவன் கேடி, இதிலென்ன சந்தேகம் என்பார்கள். 'நோன் டெப்ரடேட்டர்' என்று வெள்ளைக்காரப் போலீஸ் தன் ஏட்டில் வைத்திருந்த தலைப்பின் முதல் இரண்டு எழுத்துகள்தான் இது. கொள்ளையிடுகிறவன் என்று 'தெரிந்தவன்'. யாருக்குத் தெரிந்தவன்? போலீசுக்கு. கோர்ட்டில் நிரூபணம் ஆனவன் என்றோ தண்டனை பெற்றவன் என்றோ இந்தச் சொல் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தெரிதல் இரண்டு எழுத்தாகச் சுருங்கி, ஸ்டேஷன் வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்து, தாய்மார் பிள்ளையைத் திட்டுகிற வாய்ச்சொல்லாகி, கடைசியில் தமிழ் வேர்ச்சொல் போல வேஷம் கட்டி உட்கார்ந்துவிட்டது. அதிகாரத்தின் மொழி மக்கள் மொழிக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கி. ராஜநாராயணன் 1982இல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தபோது பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலையை ஒரு சம்சாரி செய்தார் என்று பேசப்பட்டது. சரியான பேச்சுதான். ஆனால் அதே கரிசலில், அதே காலத்தில், இன்னொரு அகராதியும் தொகுக்கப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அது போலீஸ் ஸ்டேஷன் ஏடு. அதிலும் ஊர், பெயர், சாதி, அடையாளம், பழக்கவழக்கம், கூட்டாளி எல்லாம் உண்டு. இந்த இரண்டாவது அகராதியில் கி.ரா.வே ஒரு பதிவாக இருந்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாயிகள் போராட்டக் காலத்தில் ஜெயிலுக்குப் போனார். 1952இல் நெல்லை சதி வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டு, பின்னால் விலக்கப்பட்டது. 'சதிகாரர்' என்று ஏட்டில் ஏறியவருக்கு 2021 மே மாதம் இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. சொல் மாறுவதற்கு எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. எழுத்தாளர் என்பதால் மாறியது. மற்றவர்களுக்கு மாறுவதில்லை.

பழைய இலக்கியத்தில் இந்தச் சொற்களுக்கு வேறு முகம் இருந்தது. இன்றைக்கு 'விடலைப் பய' என்றால் மீசை அரும்பிய, பேச்சுக் கேட்காத, சைக்கிளில் ரெண்டு கையையும் விட்டுப் போகிற பையன். சங்கப் பாடல்களில் விடலை பாலை வழியில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற தலைவன், வீரன். களவு என்ற ஒரே சொல்லைத் தொல்காப்பியம் ஊரறியாத காதலுக்கும் சொல்கிறது, வேற்றுப்புலத்தில் போய் மாடு கவர்ந்து வருவதற்கும் சொல்கிறது. மாடு கவர்ந்தவன் செத்தால் நடுகல். அரசன் அனுப்பிப் போனால் வெட்சி, தானாகப் போனால் ஆறலைக் கள்வன். ஆக அன்றைக்கும் செயல் ஒன்றுதான், யார் அனுப்பினார்கள் என்பதில்தான் பெயர் இருந்தது. இதைச் சொல்வது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. வறண்ட நிலத்தில் வன்முறைக்கும் பிழைப்புக்கும் நடுவே போட்ட கோடு எப்போதும் ராஜாவின் கையில் இருந்தது என்பதற்காகத்தான்.

இடைசெவலுக்குத் தெற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி அங்கேதான் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கும்பினி ஏட்டில் அவன் கிஸ்தி கட்டாத கலகக்காரன், சுற்றுவட்டாரத்தைக் கொள்ளையிட்டவன். ம.பொ.சி.யின் புத்தகத்திலும் 1959இல் வந்த சினிமாவிலும் அவன் விடுதலை வீரன். பிறகு தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்றே தலைப்பு வைத்துப் புத்தகம் போட்டார். இரண்டு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. ஆனால் இரண்டு தரப்புக்கும் அகராதி ஒன்றுதான். ஏட்டில் இரண்டு பத்தி இருக்கிறது, வீரன், கொள்ளைக்காரன். இந்தப் பத்தியிலிருந்து அந்தப் பத்திக்குப் பெயரை மாற்றி எழுதச் சொல்லித்தான் சண்டை. பாளையக்காரனுக்கு வரி கொடுத்த சம்சாரியும், அந்தச் சம்சாரியிடம் வேலைபார்த்த பண்ணையாளும் இந்த ஏட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை.

பாளையங்கள் ஒழிந்தபின் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். திருநெல்வேலிச் சீமையில் 'காவல்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஊரையும் விளைச்சலையும் ஆடுமாட்டையும் காப்பதற்குக் காவல்காரனுக்கு விளைச்சலில் பங்கு. களவு போனால் அவன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையானால் ஈடு கட்ட வேண்டும். காவல்காரர்கள் பெரும்பாலும் மறவர்கள். காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும், 'துப்புக்கூலி' கொடுத்தால் வேலிக்காட்டில் அது கட்டிக்கிடப்பது தெரியவரும். பேட் எழுதிய 1917ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரில் இதைப் பற்றிய எரிச்சல் நன்றாகவே தெரியும். இது நல்ல ஏற்பாடு என்று நான் வாதாடப்போவதில்லை. பயம் காட்டி வாங்குகிற பணத்துக்குக் காவல் என்று பேர் வைத்தால் அது இனித்துவிடாது. இதில் வதைபட்டவர்கள் கீழே இருந்தவர்கள்தான். ஆனால் 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்தபிறகு நடந்ததைப் பாருங்கள். காவல் என்கிற வேலை அரசாங்கத்தின் ஏகபோகம் ஆகிறது. பழைய காவல்காரன் அதே வேலையைச் செய்தால் குற்றவாளி. அவனிடமிருந்து வேலையோடு சொல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்றைக்குக் 'காவல்துறை' என்று நாம் வெகு மரியாதையாகச் சொல்கிற பெயரின் முதல் பாதி, கேடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களின் தொழிற்பெயர்.

1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். பத்து விரல் ரேகையையும் வைத்தால் பிறகு ராத்திரி எங்கே படுப்பது என்பதைப் போலீஸ் முடிவு செய்யும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு, ஒரு பெண் உள்பட 16 பேர் சாவு. இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு குழந்தைகளைப் பற்றியது. அறிவிக்கப்பட்ட கூட்டத்தின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பிள்ளை எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. இன்னாருக்குப் பிறந்தது போதும். 'இளம் குற்றவாளி' என்ற கருத்துருவம் நம் மண்ணில் இறங்கிய வழிகளில் ஒன்று இது.

1947இல் மதராஸ் மாகாணம் இந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. மறுவருஷமே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31. பட்டியலில் இருந்தவர்களுக்கு இப்போது அரசாங்கப் பெயர் 'சீர்மரபினர்'. குற்றமரபு போய்ச் சீர்மரபு. தமிழில் இவ்வளவு கூச்சமில்லாமல் ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டது வேறு எங்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

கொள்ளை என்ற சொல்லும் சட்டத்தில் ஒரு கணக்குதான். 1860ஆம் வருஷத் தண்டனைச் சட்டப்படி ஐந்து பேர் சேர்ந்து பறித்தால் கூட்டுக்கொள்ளை. நாலு பேர் என்றால் வேறு பிரிவு. தாது வருஷப் பஞ்சத்தில் தானிய மூட்டையைப் பிரித்த ஜனமும் இந்தக் கணக்கில்தான் வரும். சென்னை மாகாணத்துக் கொள்ளை வழக்குகளை ஆராய்ந்த டேவிட் அர்னால்ட் தானிய விலை ஏறும்போது கொள்ளையும் ஏறுவதைக் காட்டினார். அரசாங்க ஆவணத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்று ரணஜித் குஹா சொன்னது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். ஏட்டில் 'பத்மாஷ்' என்று இருந்தால் விவசாயி என்று படி. ஆனால் இந்த வாசிப்பு முறைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 'கோபல்ல கிராமம்' நாவலில் நகைக்காகக் கர்ப்பிணிப் பெண்ணைக் கொல்கிற கள்ளன் வருகிறான். ஊர் அவனைக் கழுவில் ஏற்றுகிறது. அந்தக் கள்ளனைத் தலைகீழாகப் படித்து என்ன கிடைக்கும்? எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் கொள்ளையர் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, ஊருக்கு ஊர் ஒரு ராபின் ஹூட்டைத் தேடியலைந்த கட்டுரைகள் நம் சிறுபத்திரிகைகளில் கொஞ்சமல்ல. இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தவர்கள் பாட்டில் நிறைய. நேரில் குறைவு.

இனி வசைச் சொற்களுக்கு வருவோம். ஏட்டுக்கு வெளியே, மந்தையிலும் மடத்திலும் புழங்குகிற சொற்கள். இவற்றை ஒழுக்கச் சொற்களாகத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் முக்கால்வாசி உழைப்பு பற்றியவை, இல்லாமை பற்றியவை.

பொறுக்கி. கரிசல் காட்டில் பொறுக்குவது என்பது ஒரு வேலை. அறுப்பு முடிந்த பிஞ்சையில் உதிர்ந்த கதிர் பொறுக்குவது, மார் தீர்ந்த செடியில் கடைசிப் பருத்தி பொறுக்குவது, ஓடையில் சுள்ளி பொறுக்குவது. செய்கிறவர்கள் நிலமில்லாத பெண்களும் பிள்ளைகளும். குனிந்து எடுத்தவர்கள் சாப்பிட்டார்கள். அந்தக் குனிதல்தான் இன்று பெண்களைச் சீண்டுகிறவனுக்கும் தெருச்சண்டைக்காரனுக்கும் பெயர். காலி என்றால் ஒன்றும் இல்லாதது. ஒன்றும் இல்லாதவன் காலிப்பயல். வெட்டிப்பய என்றால் கூலி இல்லாதவன். கழிசடை என்றால் உதிர்ந்த மயிர். போக்கிரி தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் புழங்குகிற சொல். பாதி ஜனம் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற இந்தக் கரிசலில் அதற்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ரவுடி கடல் கடந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் காட்டெல்லைப் பகுதி முரடர்களுக்கு வைத்த பெயர். அங்கே அது இன்று லேசான சொல்லாகிவிட்டது, பிறந்தநாள் விருந்தில் கூச்சல் போடுகிறவனையும் சொல்வார்கள். இங்கேதான் அது போலீஸ் ஆவணத்தில் ஏறி, 'ரவுடி ஷீட்' ஆகி, ஏ பிளஸ், ஏ, பி, சி என்று மார்க் போடுகிற அளவுக்கு வளர்ந்தது.

வெட்டிப்பய என்ற சொல்லைப் பருவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மானாவாரிக் கரிசலில் புரட்டாசி ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் அறுப்பு, பருத்தி என்றால் சித்திரை வரைக்கும் இழுக்கும். அப்புறம் மழை வருகிற வரைக்கும் வேலை கிடையாது. மடத்துத் திண்ணையில் சீட்டு, ஆடுபுலி, அண்ணாந்து வானம். 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 109ஆம் பிரிவு 'வெளிப்படையான பிழைப்பு வழி இல்லாதவன்' யாராக இருந்தாலும் நன்னடத்தை ஜாமீன் கேட்டு நிறுத்தலாம் என்றது. ஆனி ஆடியில் இடைசெவலில் வெளிப்படையான பிழைப்பு வழி யாருக்கு இருந்தது? ஒரு பருவமே சட்டப்படி சந்தேகத்துக்குரியது. அந்த வாசகம் 1973ஆம் வருஷச் சட்டத்தில் எடுக்கப்பட்டது. ஆனாலும் 'சந்தேகக் கேஸ்' போகவில்லை. 2024 ஜூலையில் புது நடைமுறைச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறின. எண்தான் மாறியது.

தீப்பெட்டித் தொழில் வந்தபிறகு இந்த வேலையில்லாக் காலத்தை நிரப்பியது பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் அப்படி வளர்ந்த தலைமுறைகள் உண்டு. தங்கச்சி குச்சி அடுக்கிச் சம்பாதிக்கிற வீட்டில் அண்ணன்காரன் வெட்டிப்பய. அந்தச் சொல்லில் இருந்த உறுத்தல் அவனை எங்கெங்கோ தள்ளியது. சிலரைத் திருப்பூருக்கு, சிலரைக் கட்சிக்கொடிக்கு, சிலரை ஒரு அண்ணாச்சியின் பின்னால்.

பெண்களுக்கு இந்தச் சொற்கள் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ரவுடி, போக்கிரி எல்லாம் ஆண்பால். அடங்காதவள் பிடாரி, வீட்டைவிட்டுப் போனவள் ஓடுகாலி. கூடப் போன பையனுக்கு அந்தப் பெயர் இல்லை. அவன் வேறு சாதி என்றால் மட்டும் அவனுக்கும் ஒரு பெயர் வரும். 2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அதைச் செய்தார். ஜீன்ஸ், டீ சர்ட், கூலிங் கிளாஸ் போட்ட தலித் இளைஞர்கள் பெண்களை ஏமாற்றுகிறார்கள் என்றும் அது 'நாடகக் காதல்' என்றும் பேசினார். ஒரு கால்சட்டையைக் குற்ற அடையாளமாக்க ஸ்டேஷன் ஏடுகூடத் தேவைப்படவில்லை.

இங்கேதான் இந்தச் சொற்களின் இலக்கணம் வெளிப்படுகிறது. ஒரே செயல், மூன்று பெயர். பெரிய வீட்டுப் பையன் அடுத்தவன் தோட்டத்தில் இளநீர் வெட்டினால் 'சேட்டைக்காரப் பய', வயசுக் கோளாறு. நடுத்தரச் சம்சாரி மகன் செய்தால் 'தறுதலை'. சேரிப் பையன் செய்தால் 'திமிர்'. திமிர் என்பது செயலைக் குறிக்கிற சொல்லே அல்ல, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததைக் குறிக்கிற சொல். தோளில் துண்டு, காலில் செருப்பு, பஸ்ஸில் சீட்டு எல்லாம் திமிர். 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஓட்டப்பிடாரம் பக்கம் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். சொன்ன காரணம் குற்றவாளிகளைத் தேடுவது. நடந்தது தேவேந்திரர்களின் வீடுகளையும் பண்டபாத்திரங்களையும் சேமிப்பையும் நாசமாக்கியது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்த ஊர் அது. ஏட்டில் குற்றம் என்று எழுதியிருந்ததை ஊர்ப்பேச்சில் திமிர் என்று படிக்க வேண்டும். குஹாவின் முறை இங்கே அப்படியே பொருந்துகிறது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன் குற்றப் பழங்குடிகள் சட்டம் ரத்தான அதே தேதி. தேதிக்கு இது தெரியாது.

சண்டியர் என்ற சொல் மேலிருந்து வந்த வசையல்ல, பட்டம். சாதிப் பலமும் கைப் பலமும் உள்ளவன், பஞ்சாயத்தில் குரலை உயர்த்தினால் மற்றவர்கள் அடங்க வேண்டும். 2003இல் கமல்ஹாசன் தன் படத்துக்கு அந்தப் பெயரை வைத்தபோது புதிய தமிழகம் கட்சியின் கிருஷ்ணசாமி எதிர்த்தார். படம் 2004இல் 'விருமாண்டி'யாக வந்தது. படைப்புச் சுதந்திரம் என்று நகரத்தில் பேசினார்கள். ஆனால் அந்தச் சொல் யார் முதுகில் விழுந்த அடி என்பது கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக்குத் தெரியும். ரவுடியைப் போலீஸ் உண்டாக்கியது என்றால் சண்டியரை ஊர் உண்டாக்கியது. முன்னதை மட்டும் விமர்சித்துவிட்டுப் பின்னதை வட்டார அழகு என்று ரசிப்பது நேர்மையில்லை.

அரசாங்கச் சொற்கள் இதற்குள் இன்னும் பெருகிவிட்டன. 1923இல் வங்காளத்தில் குண்டா சட்டம். தமிழ்நாட்டில் 1982இல் 14ஆவது சட்டம், நாம் குண்டர் சட்டம் என்கிறோம். அர் விகுதி போட்டு மரியாதை பண்ணியிருக்கிறோம். ஒருவரை விசாரணையில்லாமல் பன்னிரண்டு மாதம் வரை அடைக்கலாம். சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள், குண்டர், விபச்சாரத் தொழில், குடிசைநில அபகரிப்பு என்று ஆரம்பித்த தலைப்பில் வனக் குற்றம், திருட்டு வீடியோ, மணல், சைபர், பாலியல் குற்றம் எல்லாம் போகப்போகச் சேர்ந்தன. தலைப்பு நீள்கிறபோதே தெரிகிறது, குற்றத்துக்கல்ல, ஆளுக்குத்தான் இந்தச் சட்டம் என்று. 2017இல் துண்டுப் பிரசுரம் கொடுத்த சேலம் மாணவி வளர்மதியும், மெரினாவில் ஈழ நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தியும் இதே சட்டத்தில் குண்டர்கள் ஆனார்கள். இரண்டையும் உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது சுட்டதில் 13 பேர் செத்தார்கள். மறுவாரமே 'சமூக விரோதிகள்' ஊடுருவினார்கள் என்று ரஜினிகாந்த் பேட்டி கொடுத்தார், ஆட்சியில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். சுட்டதற்கு நியாயமில்லை என்று அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சொன்னது 2022இல். சமூக விரோதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இலக்கணமே தேவைப்படவில்லை.

சிறார் விஷயத்தில் சொற்கள் மேலும் மேலும் மென்மையாகிக்கொண்டு வந்தன. 1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி. பிறகு பார்ஸ்டல் பள்ளி. பிறகு இளம் குற்றவாளி என்பதை எடுத்துவிட்டு 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்'. அவர்களை வைக்கிற இடம் 'கூர்நோக்கு இல்லம்'. அழகான தமிழ். 2022 டிசம்பர் 31ஆம் தேதி அதே செங்கல்பட்டில், கூர்நோக்கு இல்லத்தில், சின்னத் திருட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட பதினேழு வயதுப் பையன் அடிபட்டுச் செத்தான். ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். கூர்ந்து நோக்கியது இதைத்தானா? வளர்ந்தவர்களுக்கு 'மாவுக்கட்டு' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. பிடிபட்டவன் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொள்கிறானாம். ஜனம் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. சாத்தான்குளத்தில் அடிபட்ட அப்பனும் மகனும் 2020 ஜூனில் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டுச் செத்தபோது சிரிக்கவில்லை. அவர்கள் கடை வைத்திருந்தவர்கள், கேடிகள் அல்ல என்பதால்.

இப்போது பையன்களே தங்களுக்குச் சொல் வைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் ரூட்டு தல, புள்ளிங்கோ. தெற்கே கெத்து, மணிக்கட்டில் சாதிக்கேற்ற நிறத்தில் கயிறு. விளிம்புநிலை எதிர்ப்பு என்று இதையும் கொண்டாட ஆளிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளிப் பையன்கள். அவர்களைச் சட்டம் சிறார் என்றது, கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. அது சரிதான், வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அரிவாளை எடுக்கும்போது அவர்கள் மனசில் இருந்த சொல் சிறார் அல்ல, சண்டியர். அதற்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு கயிற்றைக் கழற்றச் சொன்னது.

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கலவரம் வராமல் இருக்க என்று அதிகாரிகள் சொன்னதை 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்சநீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை எல்லாம் அடித்தபோது, இந்தக் காரணத்தையும் ஏற்கவில்லை. ஏட்டில் சாதிக்கென்று இருந்த பத்தியையும் எடுத்துவிடச் சொன்னது.